மைதான ஓரத்தில் ஓர் அக்கா



கிராமங்களில் பெண்கள் குழுக்களைச் சந்திக்கும்போது நான் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்கு என்ன தொழில் தெரியும்?" என்பதுதான் அது. தையல், கோழி வளர்ப்பு, மா இடித்தல், பனையோலைப் பின்னல் என்று பதில்கள் வரும். சிலர், "எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை" என்று ஒதுங்கிக் கொள்வார்கள். அப்படி ஒதுங்கியவர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்து கதைத்தால் வேறு கதைகள் வெளிவரும். ஒருவர் பாடசாலை வலைப்பந்தாட்டக் குழுவின் தலைவியாக இருந்திருப்பார். இன்னொருவர் வலய மட்டத்தில் நூறு மீற்றர் ஓடியிருப்பார். "நாங்கள் அந்த நாளையில எல்லே அடிச்சால் பந்து பனங்காணிக்குள்ளதான் போய் விழும்" என்று சொல்லிவிட்டு, சொன்ன கையோடு வெட்கப்பட்டுச் சிரிப்பார் மற்றொருவர்.

இதை ஒரு தொழில் அறிவாக அவர்கள் கணக்கெடுப்பதில்லை. விண்ணப்பப் படிவத்தில் எழுதுவதுமில்லை. ஆனால் விளையாடத் தெரிந்த பெண்ணிடம் பிறருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஓர் அறிவு இருக்கிறது. அந்த அறிவுக்கு உலகத்தில் பதவியும் உண்டு, சம்பளமும் உண்டு. பயிற்றுவிப்பாளர், உதவிப் பயிற்றுவிப்பாளர் என்பவை அந்தப் பதவிகளின் பெயர்கள். இம்மாதம் அதைப் பற்றிக் கொஞ்சம் சிந்திப்போம்.

முதலாம் தளத்தில் நின்ற பெண்

பேஸ்போல் அமெரிக்கர்களுக்கு உயிரான விளையாட்டு. எல்லே ஆடியவர்களுக்கு அதை விளங்கிக் கொள்வது கடினமல்ல. தடியால் பந்தை அடிக்க வேண்டும். அடித்தவுடன் ஓட வேண்டும். இடையில் உள்ள தளங்களில் தரித்து, ஆட்டமிழக்காமல் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்தைத் தொட்டால் ஓர் ஓட்டம். அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் பெரும்பாலும் ஆடுவது இதன் தங்கை விளையாட்டான சொஃப்ட்போல். அதில் பந்து சற்றுப் பெரியது. கையைத் தாழ்த்தித்தான் பந்தை எறிவார்கள்.

அலிசா நக்கன் என்ற பெண் கலிபோர்ணியாவில் சக்ரமெண்டோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காகச் சொஃப்ட்போல் ஆடியவர். படிப்பு முடிந்ததும் ஆட்டமும் முடிந்தது. அங்கேயும் பெரும்பாலான பெண்களுக்கு அப்படித்தான். 2014 ஆம் ஆண்டு அவர் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் என்ற பெரிய பேஸ்போல் கழகத்தின் அலுவலகத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். வேலை செய்துகொண்டே விளையாட்டு முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 2020 ஜனவரியில் அதே கழகம் அவரை உதவிப் பயிற்றுவிப்பாளராக நியமித்தது. வீரர்கள் அனைவரும் ஆண்களாக உள்ள அந்தப் பெரிய லீக்கில் முழுநேரப் பயிற்றுவிப்பாளர் பதவி பெற்ற முதற் பெண் அவர்தான். அந்த லீக்கின் வரலாறு 1876 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஒரு பெண்ணுக்கு இடம் கிடைக்க ஒன்றரை நூற்றாண்டு அளவில் ஆகியிருக்கிறது!

பேஸ்போலில் முதலாம், மூன்றாம் தளங்களுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பயிற்றுவிப்பாளர் நிற்பது வழக்கம். முதலாம் தளத்தில் நிற்பவர், ஓடிவரும் வீரருக்கு "நில்", "ஓடு" என்று சொல்ல வேண்டும். எதிரணியின் அசைவைப் பார்த்து எச்சரிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி நடந்த போட்டியொன்றில் அந்த இடத்தில் நின்றவரை நடுவர் வெளியேற்றிவிட்டார். உடனே அலிசா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்து அந்த இடத்தில் நின்றார். எதிரணி வீரர் கைகொடுத்து வாழ்த்தினார். அன்று அவர் அணிந்த தலைக்கவசம் பின்னர் பேஸ்போல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2024 பருவம் முடிந்த பின்னர் அவர் கிளீவ்லாந்து கார்டியன்ஸ் என்ற வேறு கழகத்துக்குப் போனார். இளம் வீரர்களை வளர்த்தெடுக்கும் பிரிவில் அங்கே பொறுப்பேற்றார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது தலைக்கவசம் அருங்காட்சியகத்துக்குப் போனதல்ல. 2014 க்கும் 2020 க்கும் இடையில் உள்ள ஆறு வருடங்கள்தான். விளையாடிய அனுபவத்தை அவர் ஒரு பழைய புகைப்படமாகச் சுவரில் மாட்டிவைக்கவில்லை. அதற்கு மேலே படிப்பைச் சேர்த்தார், அலுவலக அனுபவத்தைச் சேர்த்தார். வாய்ப்பு வந்தபோது கையில் கொடுக்க ஏதோ இருந்தது.

"அது அமெரிக்கா, அங்கே எல்லாம் நடக்கும்" என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, கடலுக்கு அந்தப் பக்கம் புதுக்கோட்டைக்குப் போவோம்.

சூளையிலிருந்து மைதானத்துக்கு

சாந்தி சௌந்தரராஜன், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்ற கிராமத்தில் பிறந்தவர். பெற்றோர் செங்கற் சூளைத் தொழிலாளர்கள். ஓட்டத் திறமை அவருக்குக் கல்லூரி வாசலைத் திறந்துவிட்டது. 2006 டிசம்பரில் டோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். சில நாட்களிலேயே, அவருடைய உடலைப் பரிசோதித்து "பெண்ணுக்குரிய தகுதி இல்லை" என்று முடிவு சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் ஊக்கமருந்து எடுத்ததாக யாரும் குற்றம் சாட்டவில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்த ஒருவரின் உடலை உலகம் முழுவதும் பத்திரிகையில் வைத்துக் கதைத்தது. அந்த அவமானத்தை வார்த்தையில் சொல்ல முடியாது.

அப்போதைய தமிழக அரசு கொடுத்த 15 இலட்சம் இந்திய ரூபாவில் ஒரு பகுதியைச் செலவழித்து, ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கத் தொடங்கினார் சாந்தி. ஆனால் அது நிரந்தர வருமானம் தரவில்லை. 2012 ஆம் ஆண்டு அவர் மீண்டும் செங்கற் சூளையில் கூலிக்கு நிற்கிறார் என்ற செய்தி வெளியாகிப் பலரை வருந்த வைத்தது. அதன் பிறகு பெங்களூரில் இந்திய விளையாட்டு அதிகார சபையில் பயிற்றுவிப்பாளருக்கான டிப்ளோமாப் படிப்பை முடித்தார். 2016 இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அவரைப் பயிற்றுவிப்பாளராக நியமித்தது.

சகோதரிகளே, இதை ஒருமுறை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். டிப்ளோமாவுக்கு முன்னரும் சாந்தி பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கினார். பின்னரும் பழக்கினார். அவருடைய அறிவு ஒன்றுதான். முன்னர் அது தொண்டாக இருந்தது. பின்னர் அது உத்தியோகமாகியது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு சான்றிதழும் ஒரு நியமனக் கடிதமும். பறிபோன பதக்கத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார்.

நமது மண்ணில்

தர்ஜினி சிவலிங்கத்தை உங்களுக்குத் தெரியும். புன்னாலைக்கட்டுவனுக்கு அருகில் ஈவினையைச் சேர்ந்தவர். வலைப்பந்தாட்டக் கம்பத்தின் வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும். தர்ஜினியின் உயரம் 2 மீற்றருக்கும் மேல். 2009 இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் இருந்தார். 2018 செப்டெம்பரில் சிங்கப்பூரில் நடந்த இறுதியாட்டத்தில் இலங்கை 69 க்கு 50 என்று சிங்கப்பூரை வென்று மீண்டும் கிண்ணத்தை எடுத்தபோதும் இருந்தார். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும்விட அதிகமாகக் கோல் போட்டவர் அவரே. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கிலும் ஆடியிருக்கிறார்.

2018 இல் வென்ற அந்த அணியைப் பயிற்றுவித்தவர் திலகா ஜினதாச. அவரும் முன்னர் இலங்கைக்காக வலைப்பந்தாட்டம் ஆடியவர். மைதானத்துக்குள் தர்ஜினி கோல் போட்டதை எல்லோரும் கைதட்டிப் பார்த்தோம். மைதான ஓரத்தில் நின்று, யாரை எந்த இடத்தில் விடுவது, எப்போது மாற்றுவது, களைத்தவளுக்கு என்ன சொல்வது என்று முடிவெடுத்த பெண்ணை எத்தனை பேர் கவனித்தோம்?

பெண் நின்றால் என்ன வித்தியாசம்?

நல்ல ஆண் பயிற்றுவிப்பாளர்கள் நமது பாடசாலைகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களால் எத்தனையோ பெண்பிள்ளைகள் அகில இலங்கை மட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் பெண்ணொருவர் பக்கத்தில் நிற்கும்போது சில விஷயங்கள் இலகுவாகின்றன.

பிள்ளை சாமத்தியப்பட்டவுடன் விளையாட்டு நின்றுவிடுவதை நாம் வீட்டுக்கு வீடு காண்கிறோம். "பின்னேரம் ஆறு மணிக்கு ஆர் கூட்டிக்கொண்டு வாறது?", "காற்சட்டை போட்டு ஓடினால் ஊர் என்ன கதைக்கும்?" என்று அம்மாமார் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. போர்க்காலத்தில் பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய தாய்மார் நாங்கள். துப்பாக்கிச் சத்தம் நின்றாலும் அந்தப் பழக்கம் உடனே நின்றுவிடாது. "அந்த அக்கா நிக்கிறா, அவ கொண்டுவந்து விடுவா" என்ற ஒரு வார்த்தை அங்கே பெரிய வேலை செய்கிறது.

உடம்பைப் பற்றிய கதையும் இருக்கிறது. மாதவிடாய் நாளில் வயிற்றுவலியோடு ஓடும் பிள்ளை, அதைச் சேரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, "காய்ச்சல்" என்று பொய் சொல்லி வீட்டில் நின்றுவிடுவாள். மூன்று தரம் நின்றால் குழுவிலிருந்து பெயர் போய்விடும். பெண் பயிற்றுவிப்பாளர் என்றால் காதோடு சொல்லிவிடலாம். காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பதும் நமக்குப் பழக்கமான வேலைதான்.

பெண்களின் முழங்கால் மூட்டு, ஆண்களுடையதைவிட விளையாட்டில் அதிகம் காயப்படுகிறது என்பது மருத்துவர்கள் கண்ட உண்மை. பாய்ந்து பந்தைப் பிடித்துத் தரையில் இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சாயாமல், சற்று மடித்து இறங்கப் பழக்கினால் அந்த ஆபத்தைக் குறைக்கலாம். வலைப்பந்தாட்டத்தில் பந்தை 3 செக்கனுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது, பந்தோடு ஓடவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு பிடியிலும் திடீரென்று நிற்க வேண்டியிருக்கிறது. இந்த இறங்குதலைப் பொறுமையாக, நாளுக்கு நாள் பார்த்துத் திருத்துவது ஓர் உதவிப் பயிற்றுவிப்பாளரின் முக்கியமான வேலை.

பாதுகாப்பைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி என்ற பெயரில் பெண்பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பொறுப்பான வளர்ந்த பெண்ணொருவர் மைதானத்தில் நிற்பது பிள்ளைகளுக்கு ஒரு வேலி. அப்படி ஏதேனும் நடந்தால் சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கங்கள் இருக்கின்றன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

உதவி என்றால் எடுபிடியல்ல

நான் சமூகவியல் படித்த காலத்தில் "ஓய்வு நேரம் யாருக்குச் சொந்தம்?" என்ற கேள்வியை ஒரு பாடமாகப் படித்தோம். ஆண்களுக்கு வேலை முடிந்தால் ஓய்வு. பெண்களுக்கு ஒரு வேலை முடிந்தால் மற்ற வேலை. அதனால் பெண் எதைச் செய்தாலும் அது "சும்மா இருக்கிற நேரத்தில் செய்த உதவி" என்றே எண்ணப்படுகிறது. மைதானத்திலும் இதுதான் நடக்கிறது.

குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். இளமையில் நன்றாக வலைப்பந்தாட்டம் ஆடியவர். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடமாகப் பின்னேரங்களில் பழக்கி வந்தார். பந்து காவுவார், தண்ணீர் வைப்பார், கோல் எண்ணுவார், பிழை திருத்துவார். பிள்ளைகள் மாகாண மட்டத்துக்குப் போனபோது குழுப் படத்தில் அவர் இல்லை. ஒரு சதம் கொடுப்பனவும் இல்லை. "பரவாயில்லை, பிள்ளையள் வெண்டதே போதும்" என்றார். அந்த மனம் பெரியது. ஆனால் பரவாயில்லை என்று நாம் சொல்லக்கூடாது. அவருடைய பின்னேரங்களில் அவர் மா இடித்திருந்தால் பத்துக் கிலோ மா விற்றிருப்பார். அந்த நேரத்துக்கு ஒரு பெறுமதி இருக்கிறது.

பதவியின் பெயரில் உள்ள "உதவி" என்ற சொல் நம்மை ஏமாற்றக்கூடாது. உதவி அரசாங்க அதிபரை யாரும் எடுபிடி என்று நினைப்பதில்லையே! தலைமைப் பயிற்றுவிப்பாளர் முழு ஆட்டத்தையும் பார்க்கும்போது, உதவிப் பயிற்றுவிப்பாளர் ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கிறார். யார் எத்தனை தரம் எறிந்தாள், எத்தனை போனது, யார் காலை நொண்டுகிறாள் என்று கொப்பியில் குறிக்கிறார். அந்தக் கொப்பிதான் நாளைக்கு அவருடைய அனுபவத்துக்கும் சாட்சி.

தொடங்குவது எப்படி?

முதலில் உங்கள் பழைய சான்றிதழ்களைத் தேடுங்கள். 1995 இடப்பெயர்விலோ, பின்னர் வன்னியிலோ அவை தொலைந்திருந்தால் மனம் விடவேண்டாம். படித்த பாடசாலையின் பதிவுகளைப் பார்த்து அதிபரிடம் கடிதம் பெற முடியுமா என்று கேளுங்கள். அதே காலத்தில் கற்பித்த உடற்கல்வி ஆசிரியர் இருந்தால் அவருடைய கடிதமும் உதவும்.

பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பயிற்சிப் பட்டறைகள், நடுவர் பரீட்சைகள் எப்போது நடக்கின்றன என்று அவரிடம் கேட்டு, பெயரைப் பதிந்து வையுங்கள். கொழும்பில் உள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகம் பயிற்றுவிப்பாளர்களுக்கான பாடநெறிகளை நடத்துகிறது. தகைமை என்ன, தமிழில் படிக்க முடியுமா, வகுப்புகள் எங்கே என்பதை விண்ணப்பிக்க முன்னரே எழுத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். முதலுதவிப் பயிற்சி ஒன்றையும் எடுத்துவிடுங்கள். காயப்பட்ட பிள்ளைக்கு முதலில் கைகொடுப்பவர் நீங்கள்தான்.

பாடசாலையில் பழக்கச் சொல்லி அழைத்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகக் கொடுப்பனவு தரமுடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது பிழையல்ல. கிழமைக்கு எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம், பயணச் செலவு யார் பொறுப்பு என்பவற்றையும் எழுதிவைத்துக் கொள்ளுங்கள்.

இதை மட்டும் நம்பி அடுப்பெரிக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் கிடைப்பது சிறு தொகையாகத்தான் இருக்கும். தையலையும் கோழியையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் இது நட்டால் மெல்ல வளரும் பயிர். சான்றிதழும் அனுபவமும் சேரச் சேரக் கைக்கு வருவதும் கூடும்.

காலை இழந்தவர்களும், உடம்பில் இரும்புத் துண்டுகளோடு வாழ்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். "நாங்கள் என்னெண்டு ஓடிக் காட்டுறது?" என்று அவர்கள் கேட்கலாம். பயிற்றுவிப்பாளர் ஓட வேண்டியதில்லை. ஓடுபவளைப் பார்க்கத் தெரிந்தால் போதும். கதிரையில் இருந்துகொண்டே பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும் கண், பல வருடம் ஆடியவருக்குத்தான் வாய்க்கும்.

வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருமகள் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மைதானத்துக்குப் போக வெளிக்கிட்டால், அந்த நேரம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா. அவர் விளையாட்டுக்குப் போகவில்லை, வேலைக்குப் போகிறார். ஊரிலுள்ள இருபது பெண்பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருக்கப் போகிறார்.

அடுத்த தவணையில் உங்கள் ஊர்ப் பாடசாலை, "பின்னேரப் பயிற்சிக்கு உதவ யாராவது அம்மா இருக்கிறீர்களா?" என்று கேட்டால், நீங்கள் கையை உயர்த்துங்கள். உயர்த்தும்போதே மூன்றையும் கேளுங்கள்: என்னுடைய பதவியின் பெயர் என்ன, கொடுப்பனவு எவ்வளவு, வருட முடிவில் எழுத்தில் சான்று தருவீர்களா?